மார்ச் 31-க்குப் பிறகு இயங்காது

டாஃபின், மானிடோபா
பிப்ரவரி 6

மைரன்,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். குசலம் விசாரிக்க எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாமான் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

எங்கள் டிவிக்குப் பின்னால் நீ மாட்டிவிட்டுப் போனாயே ஒரு கறுப்புப் பெட்டி, இன்டர்நெட்டிலிருந்து சேனல் எடுத்துத் தருவது, அதில் பத்து நாளாக ஒரு அறிவிப்பு வருகிறது. மார்ச் 31-க்குப் பிறகு விளையாட்டுச் சேனல் அதில் இயங்காதாம். புதிய பெட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு நிறுத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு தினுசு வைத்திருக்கிறார்கள். ஒன்று குச்சி மாதிரி டிவியின் முதுகில் செருகுவது. ஒன்று நாம் வாயால் சொன்னால் கேட்குமாம். விற்கிற பெண், "உங்களுக்கு எந்த மாதிரி வேணும்மா?" என்றாள். "பழசு மாதிரியே ஒண்ணு குடு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கென்று வாங்குவதாக இருந்தால் எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ஓரெஸ்டுக்கு அக்டோபரில் பக்கவாதம் வந்தது. வலது கை வராது, பேச்சும் போய்விட்டது. இடது கையால் அந்தப் பழைய ரிமோட்டை மட்டும் இயக்குகிறார். சட்டை போட நான் வேண்டும், சூப் குடிக்க நான் வேண்டும், கழிப்பறைக்கு நான் வேண்டும். டிவியில் ஐஸில் கல் தள்ளுகிற அந்தக் கர்லிங் ஆட்டம் போட்டுக்கொள்ள மட்டும் நான் வேண்டாம். புதுப் பெட்டி வாங்கினால் ரிமோட் மாறிவிடுமா? இதுதான் என் கேள்வி.

ஃபோன் செய்யாதே. இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் கூடத்தில் அவருக்குக் கேட்கும். உன் விலாசம் கிறிஸ்துமஸ் வாழ்த்து உறையிலிருந்து எடுத்தேன். தபால் எடுக்கப் போவது நான்தான், அதனால் தைரியமாக எழுது.

வெர்னா


வொயிட்ஹார்ஸ், யூகான்
பிப்ரவரி 17

அண்ணி,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கம் முழுக்கப் பெட்டி. என் அண்ணன் படுத்துவிட்ட செய்தி பக்கத்தின் அடியில், அதுவும் ரிமோட்டுக்கு விளக்கமாக. வேலையிடத்தில் நின்றுகொண்டு படித்தேன். பள்ளிக்கூடத்தின் ஹீட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தேன்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்குத்தான் நான் தம்பி இல்லை. உங்களுக்குமா?

பெட்டி விஷயம். ரிமோட் மாறும், எல்லாக் கம்பெனியும் மாற்றுவார்கள். ஆனால் எவ்வளவு மாறும் என்பது நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிவியின் பின்புறத்தில் கேபிள் செருகும் துளை எத்தனை காலியாக இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். குச்சி வாங்க வேண்டாம், சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்கு அது சரிவராது. அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள்.

எந்தப் பக்கம் என்று எழுதினீர்கள், எவ்வளவு என்று எழுதவில்லை. நடக்கிறானா?

மைரன்


டாஃபின்
பிப்ரவரி 27

மைரன்,

துளை இரண்டு காலி. கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து எண்ணினேன்.

கோபப்பட்டிருக்கிறாய். படு. ஆம்புலன்ஸில் உன்னைத்தான் நினைத்தேன். சொன்னால் நீ கிளம்பி வருவாய், உன்னைப் பார்த்து அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அந்த நேரத்தில் அது ஆகாது என்று ஒத்திப்போட்டேன். ஒத்திப்போட்டது பழகிவிட்டது. இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

தடியை ஊன்றிக் கழிப்பறை வரை நடக்கிறார், நான் பின்னால் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு. பேச்சில் மிச்சம் ஒரே ஒரு வார்த்தை: "இல்ல". காப்பி வேண்டுமா என்றால் "இல்ல", கொடுத்தால் குடிப்பார். வலிக்கிறதா என்றால் "இல்ல", வலிக்கிறது என்று முகம் சொல்லும். கெட்ட வார்த்தைகள் மட்டும் எங்கே ஒளிந்திருந்தனவோ, சில சமயம் முத்துமுத்தாக வந்து விழுகின்றன. பாதிரியார் வந்திருந்த அன்று ஒன்று விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை தோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஜோஸ்லின் என்று ஒரு பெண் வருகிறாள். பெட்டி சமாசாரத்தை அவளிடம் சொன்னேன். "பேசுற பெட்டியே வாங்குங்க வெர்னா. டிவி வேணும்னா அவர் வாயைத் தொறந்துதானே ஆகணும்? நான் வாரத்துல ஒரு மணி நேரம்தான் வர்றேன், அது நாள் பூரா இருக்கும்" என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆறு மாதத்துக்குள் வராத பேச்சு பிறகு வருவது கடினம் என்றும் சொன்னாள். அக்டோபரிலிருந்து எண்ணினால் ஏப்ரல்.

நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. யாராவது "இதை வாங்கு" என்று சொன்னால் வாங்கிவிட்டு உட்காருவேன்.

வெர்னா


வொயிட்ஹார்ஸ்
மார்ச் 8

அண்ணி,

வேண்டாம்.

அந்தப் பெண் படித்தவள், நான் ஹீட்டர் ரிப்பேர்க்காரன். ஆனால் அந்தப் பெட்டி எனக்குத் தெரியும், ஓரெஸ்டையும் தெரியும். நல்ல வாய் உள்ளவன் சொன்னாலே அது பாதி நேரம் "மன்னிக்கவும், புரியவில்லை" என்னும். முப்பது வருடம் தானியக் கிடங்கில் ஃபோர்மேனாக இருந்தவன், ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்லிப் பழக்கமில்லாதவன். அவனைப் பார்த்து ஒரு டப்பா நாள் முழுக்க "புரியவில்லை" என்று சொல்ல வேண்டுமா?

பழைய பெட்டியின் கம்பெனியிலேயே இருப்பதில் சின்னது எதுவோ அதை வாங்குங்கள். நடுவில் வட்டப் பொத்தான், அதற்கு மேலே இடப்பக்கம் பின்னால் போவது, வலப்பக்கம் வீடு படம் போட்டது. அந்த அமைப்பை அவர்கள் இன்னும் மாற்றவில்லை, கடையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேசுவதற்கு ஒரு பொத்தான் அதிலும் இருக்கிறது. அழுத்தாவிட்டால் சும்மா கிடக்கும்.

அவன் என்னைப் பற்றி ஏதாவது காட்டிக்கொள்கிறானா என்று கேட்கப் போவதில்லை. கேட்கவில்லை.

மைரன்


டாஃபின்
மார்ச் 19

மைரன்,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. பனிப்புயலில் தபால் வண்டி நின்றுவிட்டதாம். நான் 12-ஆம் தேதியே வாங்கிவிட்டேன். பேசுகிற பெட்டியைத்தான்.

முதல் நாள் ஜோஸ்லினும் இருந்தாள். அவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார், கழுத்து நரம்பு புடைக்க முயன்றார், கடைசியில் "இல்ல" என்றார். பெட்டி யோசித்துவிட்டுக் கேக் சுடும் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டது. எங்கள் இருவருக்கும் சிரிப்பு. அவரும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவள் போகும்போது, "பாத்தீங்களா, முயற்சி பண்றாரு!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து நடந்ததை விவரமாக எழுத விருப்பமில்லை. சனிக்கிழமை அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டினேன். எனக்கே மாட்டத் தெரிந்துவிட்டது பார். இன்னும் பன்னிரண்டு நாள் ஓடும்.

எனக்குப் புருவத்தில் இரண்டு தையல். வாசலில் ஐஸ் வழுக்கிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

வெர்னா


வொயிட்ஹார்ஸ்
மார்ச் 27

அண்ணி,

இருபத்தைந்து வருடமாக ஐஸில் விழுகிறவர்களைப் பார்க்கிறேன். முழங்கை உடையும், பின்மண்டை உடையும், இடுப்பு உடையும். புருவம் உடைவதில்லை. ரிமோட்டை எறிந்தானா?

உங்கள் மீது எறிந்திருக்க மாட்டான், சுவர் மீது எறிந்திருப்பான், நீங்கள் நடுவில் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது அப்படித்தான் என்று எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள்.

கிடங்கு விஷயத்தை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். வேகமாகப் போகட்டும் என்று தானியம் ஓடுகிற கன்வேயரின் மூடியைக் கழற்றச் சொன்னது அவன். கழற்றியது நான். அதில் கை மாட்டி, கூட வேலை செய்த க்ளிஃபின் மூன்று விரல் போனது. விசாரணைக்கு வந்தவர்கள் யார் சொல்லி என்று கேட்டார்கள், சொன்னேன். அவன் வேலை போனது, என் வேலையை நானே விட்டேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதற்காகத் தம்பியே இல்லை என்று ஒருவன் சொன்னால் நான் என்ன செய்ய?

வரட்டுமா? அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன். பழக்கம்தான்.

மைரன்


டாஃபின்
ஏப்ரல் 4

மைரன்,

சுவர் மீதுதான் எறிந்தார். நான் தண்ணீர் கொண்டுபோன நேரம். ரத்தத்தைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமே இல்லை. பிறகு என் பாவாடை நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. அந்தக் கை பிடித்திருக்க, மறு கையால் துணியைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். உனக்குப் பொய் எழுதியது அவமானத்தால். என் அவமானமா அவருடையதா, தெரியவில்லை.

பெட்டி சொன்ன சொல் தவறவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை திரையில் ஒரு வரி, அவ்வளவுதான். மத்தியானம் வரை அழுத்திப் பார்த்தார். வட்டம், பின்னால், வீடு. வட்டம், பின்னால், வீடு. பிறகு ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எறியவில்லை. எறிந்திருக்கலாம் என்று இருந்தது எனக்கு.

கிடங்கு விஷயத்தை ஒரு தடவை எழுதிவிட்டாய். நானும் ஒரு தடவை எழுதுகிறேன். நீ உண்மை சொன்னதற்கு அவர் கோபப்படவில்லை. வேலை போன பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் க்ளிஃப் வீட்டுக்குப் போய்க் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுவதையும் பிளந்து அடுக்கிவிட்டு வந்தார். யாருக்கும் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. விசாரணைக்காரர்களிடம் காலையில் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். முட்டைக்கோஸ் சுருட்டல் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அவரோடு ஆட்டம் பார்த்தாய். "நல்லாருந்தது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு நாள் கழித்துக் கம்பெனிக் கடிதத்தில் படித்தார். "என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டானே வெர்னா" என்றார். அது ஒன்றுதான் அவருக்கு.

இதை இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்றால், உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்க எனக்குக் காலில் பலமில்லை. இப்போதும் இல்லை.

மைரன், பிப்ரவரியிலிருந்து பெட்டி பெட்டி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பெட்டி வாங்கினாலும் எனக்கு ஒன்றுதான். ஆட்டம் ஓடுகிற இரண்டரை மணி நேரம் அவர் என்னைக் கூப்பிட மாட்டார். அந்த நேரத்தில் நான் சமையலறை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பேன். துணி மடிக்க மாட்டேன், ஒன்றும் செய்ய மாட்டேன், சுவரைப் பார்ப்பேன். நான் வாங்கப் பார்த்தது அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான்.

வா. இரண்டு வாரம் இரு. நான் பிராண்டனில் அக்கா பவுலா வீட்டுக்குப் போகிறேன். அவருக்காக வர வேண்டாம். சமாதானம் ஆகாவிட்டால் போகட்டும். அவள் வீட்டில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது, அதில் நான் படுக்க வேண்டும். அதற்காக வா.

வெர்னா


வொயிட்ஹார்ஸ்
ஏப்ரல் 13

அண்ணி,

22-ஆம் தேதி கிளம்புகிறேன். மூன்று நாள் ஓட்டம். மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவான், இடுப்பு வாரை எப்படிப் பிடிப்பது, எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். பெட்டி நான் வாங்கி வருகிறேன்.

முட்டைக்கோஸ் சுருட்டல் எனக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு தடவை வாங்கினேன் என்பது ஞாபகம் இல்லை. படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நான் வருவதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தத் தடவை அவனுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

மைரன்


டாஃபின்
மே 1

அண்ணி,

"ஃபோன் அடித்தால் நான் ஓடி வந்துவிடுவேன், ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் மட்டும் அடி, மற்றதை எழுது" என்றீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோது வாசலில் என்னைப் பார்த்து "இல்ல" என்றானே, உங்கள் கார் தெரு திரும்பியதும் இன்னொரு தடவை சொன்னான். பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. என்னைச் சுவர் மாதிரி பார்த்தான். சூப் கொடுத்தால் குடித்தான், கையைக் கொடுத்தால் ஊன்றினான். கை யாருடையது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டியை முதல் நாளே மாட்டிவிட்டேன். நான் சொன்ன அந்தச் சின்னதுதான். பேசும் பொத்தான் மேல் பசையை ஊற்றி இறுக விட்டுவிட்டேன், இனி யானை மிதித்தாலும் அமுங்காது. ரிமோட்டைக் கையில் கொடுத்தேன். கட்டை விரலால் தடவிப் பார்த்தான். பத்து நிமிடத்தில் தானாகவே போய் ஏதோ பழைய கர்லிங் ஆட்டத்தைப் பிடித்துவிட்டான். ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது என்று நான் கவலைப்பட்டேன். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்த ஆட்டத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான்.

இப்போது கெட்ட செய்தி. சனிக்கிழமை விழுந்துவிட்டான். கழிப்பறை வாசலில். வாரைப் பிடித்திருந்தேன், கை நழுவிவிட்டது. தவறு என்னுடையது. தூக்கி உட்காரவைக்க அரை மணி நேரம் ஆனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டார், எலும்பில் ஒன்றுமில்லை, இடுப்பில் ரத்தம் கட்டியிருக்கிறது. மறைத்திருந்தால் நீங்கள் வரும்போது ஆறியிருக்கும். மறைக்கவில்லை.

தரையில் இருவரும் கிடந்தோமே, அப்போது என்னைத் திட்டினான். தெளிவாக, சுத்தமாக, அப்பா குதிரையைத் திட்டுவாரே அந்த வார்த்தை. நான்கு வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை ஷேவ் செய்துவிட்டேன். தாடை என் கையில் இருந்தது, அவனால் திரும்ப முடியாது. அந்த நேரம் பார்த்துச் சொன்னேன். கோழைத்தனம்தான், ஆனால் வேறு நேரம் எனக்குக் கிடைக்காது. "அன்னிக்கு நான் உன்கிட்ட சொல்லியிருக்கணும்டா. சாப்பிடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றேன். "இல்ல" என்றான். எந்த "இல்ல" என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். ரேஸரைத் தண்ணீரில் அலசினேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை மழிக்கக் கொடுத்தான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம்.

மைரன்


பிராண்டன்
மே 6

மைரன்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. விழுந்தார் என்ற வரி வந்ததும் எழுந்து ஷூ போட்டுக்கொண்டேன். கார் சாவியை எடுத்தேன். பவுலா, "எங்கடி கிளம்பிட்ட, காப்பி ஆறுது" என்றாள். "அவர் விழுந்துட்டாராம்" என்றேன். "எப்ப?" என்றாள். "சனிக்கிழமை." "அப்ப எழுந்தாச்சுல்ல" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், மனசாட்சியே இல்லாத மாதிரி பேசுவாள். நடையில் நின்றுகொண்டே மிச்சத்தையும் படித்தேன். ஷேவ் செய்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

அது எந்த "இல்ல" என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்தாலும் சில நாள் எனக்கும் தெரிவதில்லை. கழுத்தைக் கொடுத்தார் அல்லவா, அதோடு நிறுத்திக்கொள்.

இங்கே நான் செய்வதைக் கேள். அலமாரியில் போட்ட அந்தப் பேசும் பெட்டியை எடுத்து வந்து பவுலாவின் டிவியில் மாட்டினேன். நான் சொல்வதெல்லாம் அதற்குப் புரிகிறது. "தோட்டம்" என்றால் தோட்டம் வருகிறது, "மழைச் சத்தம்" என்றால் மழைச் சத்தம் வருகிறது. கேட்டதை உடனே யாராவது கொண்டுவந்து கொடுப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மழையைக் கேட்டுக்கொண்டே பகலில் தூங்குகிறேன். எழுந்தால் பவுலா ரொட்டி கொண்டுவருகிறாள், தின்றுவிட்டு மறுபடி படுக்கிறேன். இவ்வளவு தூக்கம் எனக்குள் எங்கே இருந்ததோ.

ரத்தம் கட்டிய இடத்தில் ஐஸ் வை, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவர் "இல்ல" என்பார், வை. வாரை இடுப்பு எலும்புக்கு மேலே பிடி, சட்டையோடு சேர்த்துப் பிடிக்காதே, சட்டை நழுவும். உன் தவறு இல்லை, என் கையிலிருந்தும் இரண்டு தடவை நழுவியிருக்கிறார். நான் உனக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன். ஷூவைக் கழற்றினேன். வியாழக்கிழமை நான் வரவில்லை, மைரன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உனக்கு வேலை இருக்கும், பள்ளிக்கூட ஹீட்டர் காத்திருக்கும், தெரியும். அவரிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லிக்கொள்ளும்படி காரணம் எதுவும் இல்லை. இன்னும் மூன்று நாள் வேண்டும்.

வெர்னா